சும்மா இழுத்தாலும் வருவாள்

போன திங்கட்கிழமை என் பேத்திக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். அவளுக்கு ஆறு வயது, தம்பிக்கு மூன்று. மருமகள் மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். பிள்ளைகள் கீழே, அவள் மேலே. அதனால் பேத்தியின் கையில் ஒரு வாட்ச்சைக் கட்டிவிட்டிருக்கிறாள். அதிலே பொத்தானை அழுத்தினால் மாடியில் அம்மாவின் போன் அடிக்கும். லீவின் முதல் நாள் மத்தியானத்துக்குள் பேத்தி அதைப் பதினேழு தடவை அழுத்திவிட்டாள்.

மருமகள் தடதடவென்று படியிறங்கி வந்தாள்.

"பாருங்க மாமா, சும்மா சும்மா அழுத்தறா. என்ன கண்ணுன்னு கேட்டா, ஒண்ணுமில்லீங்கறா. அந்த வாட்ச்சைக் கழட்டி நீங்களே வெச்சுக்கங்க."

நான் கையை நீட்டினேன். பேத்தி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். என் கை பாதியிலேயே நின்றுபோயிற்று. கழட்டவில்லை. மருமகள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மேலே போய்விட்டாள்.

எனக்கு ஒரு பெண்பிள்ளையின் ஞாபகம் வந்துவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என் தறிக்குடோனில் தறி ஓட்டியவள். பெயரை எழுதப் போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நான் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சோமனூர்ப் பக்கம் வந்து என் பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். படிப்பு நாலாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. அடுத்தவன் குடோனில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றி, தறி ஓட்டி, பழைய தறி இரண்டை வாங்கிப் போட்டு ஆரம்பித்தவன். இன்றைக்கு எழுபத்திரண்டு தறி ஓடுகிறது. இந்த எழுத்துகூடப் பள்ளிக்கூடம் தந்ததில்லை. டீக்கடை பேப்பரை ஒரு வரி விடாமல் படித்து நானாகக் கற்றுக்கொண்டது. என்னை யாரும் கைதூக்கி விட்டதில்லை. இதை எல்லாக் கல்யாண மண்டபத்திலும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது ஒன்றுதான் இருக்கிறது.

அவள் தாராபுரம் பக்கத்துக்காரி. புருஷன் லாரிக்குப் போனவன். மாசத்துக்கு ஒருமுறை வருவான், இரண்டு நாள் தூங்குவான், போய்விடுவான். குடோனுக்கு எதிரே வரிசையாக நான் கட்டிய லைன் வீட்டில் ஓர் அறையும் சமையல் மூலையும் அவளுக்கு. ஒரு பெண், ஒரு பையன். ஆள் ஒல்லி. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, நூல் வெட்டுகிற குட்டிக் கட்டரைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பாள். எட்டுத் தறியை ஒற்றை ஆளாகப் பார்ப்பாள். அவள் ஓட்டிய துணியில் குறை சொல்லி எந்த வியாபாரியும் திருப்பி அனுப்பியதில்லை.

அவளைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு விஷயம் போதும். கூப்பிட்டால் வந்துவிடுவாள். யார் கூப்பிட்டாலும், எதற்குக் கூப்பிட்டாலும், கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் "வாரேனுங்க" என்று குரல் வரும், குரலுக்குப் பின்னாலேயே ஆளும் வந்து நிற்பாள். குடிதண்ணீர்க் குழாயடியில் யாரோ யாரையோ "அக்கா" என்று கூப்பிட்டால்கூட இவள் திரும்பிப் பார்ப்பாள். காலையில் கீரைக்காரர் லைன் வீட்டு வாசலில் "அம்மணீ" என்று பொதுவாக ஒரு சத்தம் கொடுப்பார். மற்ற பெண்டுகள் வேண்டுமென்றால் வருவார்கள், வேண்டாமென்றால் அடுப்பைப் பார்ப்பார்கள். இவள் தினமும் வெளியே வந்து ஒரு கட்டு கீரையோடு உள்ளே போவாள்.

"ஏனம்மணி, நேத்து வாங்குன கீரையே வாடிக் கெடக்குது, மறுக்கா எதுக்கு?" என்று என் சம்சாரம் கேட்டாள்.

"கூப்புட்டுப்போட்டாரில்லீங்க்கா? போவாம எப்புடிங்க இருக்கறது?"

"அவரு ஊரையே கூப்புடறாரு. உன்னையவா கூப்புடறாரு?"

"ஊருல நானும் இருக்கறனில்லீங்க!"

இப்படிப்பட்டவளுக்குத் தறிக்குடோன் வேலை. தறி ஓடுகிறபோது காதருகே கத்தினாலும் கேட்காது. உள்ளே பேச்செல்லாம் கை ஜாடையும் உதட்டசைவும்தான். வெளியே கிடக்கிற பிள்ளை தொண்டை கிழியக் கத்தினாலும் தாய்க்குத் தெரியப்போவதில்லை.

பள்ளிக்கூடம் இருக்கிற நாட்களில் பிரச்சினையில்லை. பெண் பள்ளிக்கூடத்திலும் பையன் பால்வாடியிலும் இருப்பார்கள். முழுப் பரீட்சை லீவு விட்டால்தான் திண்டாட்டம். லீவு விட்ட மறுநாள் காலையில் தறி ஓட்டுகிற தாய்மார்கள் ஒவ்வொருத்தராக என் முன்னால் வந்து நிற்பார்கள். சிலர் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பக் கேட்பார்கள், சிலர் குடோன் மூலையில் உட்கார வைத்துக்கொள்ளக் கேட்பார்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பெல்ட்டும் சக்கரமும் ஓடுகிற இடம், பிள்ளைகளுக்கு ஆகாது. அந்த விஷயத்தில் நான் சரியான ஆள்.

அவளும் வந்து நின்றாள். ஆனால் கையில் ஒரு நூல் உருண்டையோடு.

"ஏனுங்ண்ணா, லீவு உட்டாச்சுங்க. நா ஒண்ணு கட்டிக்கட்டுங்களா? தறிக்கு ஒண்ணும் எடஞ்சலு இல்லீங்க."

கழிவு நூலில் நாலைந்து இழையை ஒன்றாக முறுக்கி, கயிறு மாதிரி ஆக்கிவைத்திருந்தாள். அதன் ஒரு முனையை அவள் வீட்டுச் சன்னல் கம்பி வழியாக உள்ளே விட்டாள். மறு முனை, நடுவில் இருக்கிற டெம்போ தடத்தைக் காற்றிலேயே தாண்டி, குடோன் சுவரின் ஓட்டை வழியாக உள்ளே வந்து, அவள் தறிகளுக்கு எதிரே இருக்கிற ஆணி மேல் ஏறி இறங்கித் தொங்கியது. நுனியில் ஒரு சிவப்புத் துணி. வீட்டுக்குள்ளிருந்து பிள்ளை இழுத்தால் குடோனுக்குள் சிவப்புத் துணி எகிறும். காதுக்குக் கேட்காததைக் கண்ணுக்குக் காட்டிவிட்டாள். ஒருமுறை எகிறினால் பசி. இரண்டு முறை எகிறினால் சண்டை. மூன்று முறை என்றால் ஓடி வா.

நாலாம் வகுப்புப் படித்து எழுபத்திரண்டு தறி போட்ட என் மூளைக்கு இது தோன்றியிருக்காது. ஒப்புக்கொள்கிறேன்.

துணி எகிறின உடனே ஓடுவாள். முதலில் பக்கத்துத் தறிக்காரியிடம் கையால் ஒரு ஜாடை, அப்புறம் ஓட்டம். தடத்தைத் தாண்டினால் வீடு, நூறு எட்டுகூட இல்லை. போன வேகத்திலேயே திரும்பி வருவாள். பாதி நேரம் சிரித்துக்கொண்டுதான் வருவாள்.

ஒருநாள் நிறுத்திக் கேட்டேன். "என்னம்மணி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லீங்ண்ணா. சும்மா இழுத்துப் பாத்துதாமா."

"சும்மா இழுக்கறதுக்கெல்லாம் ஓடுனா வேல என்னாவறது? ரெண்டு சாத்து சாத்திப்போட்டு வரவேண்டீதுதான?"

அவள் முகத்தில் சிரிப்பு போகவில்லை. ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்புடிச் சொல்லாதீங்க. சும்மா இழுக்கறப்ப நா போனாத்தானுங்க, நெசமா இழுக்கறப்ப வருவாங்கன்னு நம்பி இழுக்கும்."

அன்றைக்கு எனக்கு இது சோம்பேறிப் பேச்சாகத்தான் பட்டது. என் முன்னால் நின்று மறுத்துப் பேசுகிறாளே என்றும் பட்டது. போன திங்கட்கிழமை வாட்ச்சைக் கழட்டப் போன என் கையைப் பாதியில் நிறுத்தியது இந்த வார்த்தைதான்.

அப்போதெல்லாம் கரண்ட் கட் ஆகும். சொல்லி ஒரு நேரம், சொல்லாமல் நாலு நேரம். கரண்ட் போனால் குடோன் திடீரென்று செத்த மாதிரி அடங்கும். அந்த அமைதியில் லைன் வீட்டிலிருந்து "ஹேய்..." என்று பிள்ளைகளின் கூச்சல் கேட்கும். இங்கே நான் தலையில் அடித்துக்கொண்டு கரண்ட் ஆபீசைத் திட்டிக்கொண்டிருப்பேன். அவள் என் கண்ணில் படாமல் தறிக்குப் பின்னால் குனிந்து, சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு நழுவுவாள். கரண்ட் வருகிற வரைக்கும் வீட்டு வாசலில் மூன்று பேரும் நொண்டி விளையாடுவார்கள். பையன் அழுகிற மாதிரி இருந்தால் அவளே வேண்டுமென்று கோட்டை மிதிப்பாள்.

அந்தப் பெண்குட்டி ஒருநாள் என்னிடமே கேட்டது.

"மொதலாளி மாமா, இன்னைக்குக் கரண்ட்டு எப்பப் போவும்?"

"போவக்கூடாதுன்னு சாமி கும்பிடு கண்ணு."

"நா போவோணும்னு கும்பிட்டுப்போட்டனே!"

அடுத்த வருஷ லீவுக்குள் நான் ஜெனரேட்டர் வாங்கிவிட்டேன். எங்கள் வீதியில் முதல் ஜெனரேட்டர் என்னுடையதுதான். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, எல்லாருக்கும் பொங்கல் கொடுத்தேன். அந்த இரண்டு பிள்ளைகளும் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு ஜெனரேட்டரை முறைத்துப் பார்த்தபடி நின்றதைக் கண்டு எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தாள்.

அந்த இரண்டாவது லீவில்தான் நடந்தது.

கோயமுத்தூரிலிருந்து ஒரு பெரிய ஜவுளி வியாபாரி என் துணியைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். அவர் கை கொடுத்தால் என் குடோன் இரட்டிப்பாகிவிடும். முதல் தடவை வந்தபோது குடோனுக்குள் சிவப்புத் துணி எகிறிக் குதிப்பதைப் பார்த்து நின்றார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஜாடையில் "என்ன அது?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் உழைத்து நிமிர்ந்து நிற்கிற இடத்தில், ஒரு கந்தல் துணியைக் காட்டிச் சிரிக்கிறாரே என்று அவமானமாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பயல் குடோன் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாரோ என்று அன்றைக்கெல்லாம் புகைந்துகொண்டிருந்தேன்.

அவர் இரண்டாம் தடவை வருகிற நாள். காலை பத்து மணி இருக்கும். தடத்தில் நின்று அவர் காருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே அந்த நூல். அவளைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் "செரீங்ண்ணா" என்று அவிழ்த்திருப்பாள். ஆனால் என் முன்னால் ஒருமுறை மறுத்துப் பேசியவளிடம் போய் ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்வதா என்று இருந்தது எனக்கு. சட்டைப் பையிலிருந்து கட்டரை எடுத்தேன். எம்பி, குடோன் சுவரோரமாக நூலை அறுத்துவிட்டேன். ஒரு நொடி வேலை. சன்னல் பக்கம் நான் பார்க்கவில்லை. கார் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாபாரி வந்தார். குடோனைச் சுற்றிக் காட்டினேன். அவள் தறிப் பக்கம் வந்ததும் நின்றார். ஆணியில் சிவப்புத் துணி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் கேட்டார்.

"அந்தச் செவப்புத் துணி இன்னைக்கு ஏனுங்க ஆடவே இல்ல? அதைப் பத்தி எம் பேத்திகிட்டச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. இன்னைக்கு நல்லாப் பாத்துட்டு வந்து சொல்றேன்னு சொல்லிப்போட்டு வந்தேன்."

நான் கார்க் கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் போன பிறகு உள்ளே போனேன். அவள் என்னைப் பார்த்ததும் தறியை விட்டு இரண்டெட்டு நகர்ந்து வந்தாள். முகம் பூரித்துக் கிடந்தது. சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள்.

"பாத்தீங்களாங்ண்ணா! இன்னைக்கு ஒருக்காக்கூட இழுக்கலீங்க! சண்டையே இல்லீங்க! வளந்துட்டாங்க!"

இந்த வயசில் எனக்கு நிறைய மறந்துவிட்டது. இந்த முகம் மறக்க மாட்டேன் என்கிறது.

மத்தியானம் சோற்றுக்குப் போனவள் வீட்டில் பார்த்திருக்கிறாள். அறுந்த நூல் முழுவதையும் சன்னல் வழியாக உள்ளே இழுத்து, ஒரு காலித் தார்க்குச்சியில் ஒழுங்காகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பெண் உட்கார்ந்திருந்ததாம். "அந்துருச்சும்மா" என்றதாம். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் என்னிடம் வந்து சொன்னாள்.

"நூலு அந்துபோச்சுங்ண்ணா. எப்புடீன்னே தெரியலீங்க."

"டெம்போ கிம்போ வந்திருக்கும். மேல மாட்டி இழுத்திருக்கும்." வாயில் வந்ததைச் சொன்னேன்.

"என்ற தப்புத்தானுங்க. ஏத்திக் கட்டியிருக்கோணும். கீழ கட்டிப்போட்டேன்."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மொதலாளி வேலைக்காரியிடம் தப்பை ஒப்புக்கொள்வதா என்று நின்றேன். அன்று சாயங்காலமே அவள் ஏணி வாங்கி, கூரை ஓட்டோரத்தில் உயரமாக நூலைக் கட்டினாள். ஏணியை ஆடாமல் பிடித்துக்கொண்டது நான்தான். "போதுங்களாங்ண்ணா? இனி எந்த டெம்போவும் தொடாதில்லீங்க?" என்று மேலேயிருந்து கேட்டாள். "தொடாது" என்றேன்.

அதற்குப் பிறகு சிவப்புத் துணி ஆடவே இல்லை.

ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். அவளுக்கு வேலை ஓடவில்லை. துணியைப் பார்ப்பாள், தறியைப் பார்ப்பாள், திரும்பத் துணியைப் பார்ப்பாள். இழுக்காமலேயே வீட்டுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி, "இழு கண்ணு, சும்மாவாச்சும் இழு, அம்மா வாரேன்னு பாரு" என்று கெஞ்சியிருக்கிறாள். அது தலையை ஆட்டியிருக்கிறது. இழுக்கவில்லை. வலுவில் இழுக்கச் சொன்னால், தொட்டும் தொடாமலும் விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டதாம்.

அடுத்த வாரத்தில் ஒருநாள். பையனுக்குப் பசி. முன்பென்றால் ஒருமுறை இழுத்திருக்கும். தாய் வந்து பாலைச் சுட வைத்துக் கொடுத்திருப்பாள். அன்றைக்கு ஏழு வயதுப் பெண் தானே அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சியது. கொதித்த பாலை இறக்கும்போது பாத்திரம் சரிந்து வலது கை முழுக்க ஊற்றிக்கொண்டது. கத்தவில்லை. தண்ணீர்க் குடத்துக்குள் கையை விட்டுக்கொண்டு, தம்பி அழுதபோது, "அளுவாத சாமி, அம்மா சோத்துக்கு வந்துரும்" என்று சொல்லிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது. கைக்கெட்டுகிற தூரத்தில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

சோற்றுக்குப் போனவள் அதைப் பார்த்துப் போட்ட சத்தம் அத்தனை தறி ஓடுகிற குடோனுக்குள்ளே கேட்டது. நான் ஓடினேன். என் காரிலேதான் கூட்டிப்போனேன். பின்சீட்டில் பெண்ணை மடியில் கிடத்திக்கொண்டு அவள் கேட்டாள்.

"ஏங் கண்ணு? ஏஞ் சாமி? அம்மாவ இழுத்துக் கூப்புட வேண்டீதுதான? ஏன் இழுக்கல?"

பெண் என் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னது.

"இழுத்தாக் கையோட வந்துருதும்மா."

மருந்துச் செலவெல்லாம் நான்தான் பார்த்தேன். அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அவர்களும், இப்படி ஒரு மொதலாளி கிடைப்பாரா என்றார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு அவள் கணக்கைத் தீர்த்துக்கொண்டு கிளம்பினாள். கோபமில்லை, குறையில்லை.

"தறிச் சத்தத்துக்குள்ள இனி நம்மால ஆவாதுங்ண்ணா. புள்ளைங்க மூச்சு உட்டாக் கேக்கற எடமாப் பாத்துப் பொழச்சுக்கறேன். உங்களாட்டம் ஒருத்தரு எங்கீங்க கெடைப்பாங்க. ஏணியக்கூடப் புடிச்சீங்களே."

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குத் தாராபுரம் போனேன். ரோட்டோரத்தில் ஒரு சின்ன இட்லிக் கடை. அவள்தான். தலை நரைத்துவிட்டது. "ஏனுங்ண்ணா! வாங்க வாங்க" என்று பெஞ்சைத் துடைத்தாள். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் காரிலிருந்து இறங்கினேன். மூன்று மேசையிலிருந்தும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் "வாரேனுங்க". உள்ளே பெண் மாவு கரைத்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

"பெருசாயிருச்சே அம்மணி," என்றேன்.

"ஆமாங்க. நல்லாப் படிக்குதுங்க. ஒரே ஒரு கொறைதானுங்க." குரலைத் தாழ்த்தினாள். "எதுக்கும் கூப்புடாதுங்க. காச்ச வந்தாலும் சொல்லாது. நானா ராவும் பகலும் நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கோணும். அன்னைக்கு மொதமொதலா நெசமா இழுத்திருக்குது போலிருக்குதுங்க. அன்னைக்குப் பாத்து நா வரல. கீழ கட்டிப்போட்டனில்லீங்க? அதோட எம்மேல நம்பிக்க போயிருச்சு."

என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெண் மாவுக் கையோடு நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "இன்னொரு காப்பி குடு அம்மணி" என்றேன். குடித்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

போன திங்கட்கிழமை வாட்ச்சைக் கழட்டாமல் விட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் டிரைவரைக் கூப்பிட்டுத் தாராபுரத்துக்கு விடச் சொன்னேன். போகிற வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எழுபது வயசுக்கு மேல் பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி. அறுத்தது நான்தான் அம்மணி. நீ கீழே கட்டவில்லை.

கடை இருந்தது. அடுப்படியில் பெண் நின்றது. முழுக்கைச் சட்டை.

"அம்மா எங்க கண்ணு?"

"அம்மா தவறிப் பத்து மாசமாச்சுங்க மாமா. இங்கதான் தோசை ஊத்திட்டு இருந்துச்சு. நெஞ்சப் புடிச்சுட்டு ஒக்காந்துச்சு. அவ்வளவுதானுங்க."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒப்பித்துக்கொண்டு வந்த வார்த்தை வாயிலேயே இருந்தது. சொல்ல வேண்டியவள் இல்லை. அதற்காக விழுங்கிவிட்டு இன்னொரு தடவை திரும்பிப் போக முடியாது.

"அந்த நூலை டெம்போ அறுக்கல கண்ணு. நாந்தான் அறுத்தேன்."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"தெரியுமுங்க."

"தெரியுமா?"

"சன்னல்லதானுங்க நின்னுட்டு இருந்தேன். நீங்க எம்பி எம்பி அறுத்தீங்க. மொத எம்புக்கு எட்டல உங்களுக்கு."



"அப்ப... ஏங் கண்ணு அம்மாகிட்டச் சொல்லல?"

"சொன்னா அம்மா உங்களக் கேக்கும். கேட்டா வேலைய உட்டு நிறுத்திப்போடுவீங்கன்னு நெனச்சேன். அப்பறம் அம்மா திரும்பக் கட்டுச்சு. நா இழுத்து, அது ஓடிவந்து, நீங்க பாத்துட்டா? அதனால இழுக்கறதில்லீன்னு முடிவு பண்ணிக்கிட்டேன்." தோசையை எடுத்துத் தட்டில் வைத்தாள். "ஏழு வயசுப் புத்தி."

"பெருசான பொறவாச்சும் சொல்லியிருக்கலாமே சாமி. அவ அத்தன வருசம் அவ தப்புன்னே..."

"எப்புடிங்க சொல்றது? உனக்கு வேல போயிருமுன்னுதாம்மா கை வெந்தப்பக்கூடக் கூப்புடலீன்னு சொன்னா அது தாங்குங்களா? நூலக் கீழ கட்டிப்போட்டேன்னு அழுகறது அதுக்குத் தேவலீன்னு உட்டுட்டேன்."

அப்புறம் அவள் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"ஒருக்கா கடைக்கு வந்தீங்கல்ல மாமா? சொல்றதுக்குத்தான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். நீங்க சொன்னா நல்லா இருக்கும்னு, மாவு கரைக்கறத நிறுத்திப்போட்டு நின்னு பாத்துட்டு இருந்தேன். காப்பி குடிச்சுப்போட்டுப் போயிட்டீங்க."

பின்மேசையிலிருந்து யாரோ சட்னி கேட்டுக் கூப்பிட்டார்கள். "வாரேனுங்க" என்றாள். அதே குரல். குரலுக்குப் பின்னாலேயே போனாள்.

திரும்பி வரும்போது ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் கேட்கவில்லை. என்னால் அதைக் குடிக்கவும் முடியவில்லை, வைத்துவிட்டு எழுந்து போகவும் முடியவில்லை.